கூரைக்குக் கீழே நாலு விரற்கடை

பழைய லாரி வாங்கப் போகும்போது நான் கடைப்பிடித்த ஒரு பழக்கத்தைப் பற்றி ஒர்க்‌ஷாப் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும். எஞ்சின், கியர், சேஸிஸ் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, அந்த வண்டியை ஓட்டப்போகிற டிரைவரை ஸீட்டில் ஏறி உட்காரச் சொல்லுவேன். பிறகு வண்டிக்காரர், தரகர், எங்கள் ஆபீஸ் ஆள் என்று அங்கே நிற்கிற எல்லாரையும் இழுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவேன். அரைமணி கழித்துத்தான் திரும்புவேன். கிழவனுக்கு டீ குடிக்க ஒரு சாக்கு என்று பேச்சு. இருக்கட்டும்.

இப்போது நான் வீட்டோடு உட்கார்ந்தாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி போன மாதம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, பழைய வண்டி பார்க்கிற முறையையெல்லாம் எழுதிக் கொடுங்கள், பிறகு யாரைப் போய்க் கேட்பது என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன். மளமளவென்று பதினான்கு பக்கம் வந்தது. அந்த அரைமணிக்கு மட்டும் காரணம் எழுதக் கை வரவில்லை. மூன்று நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது நோட்டில் ஒரு வரியாக எழுதுகிற சமாசாரம் இல்லை.

நான் தொழில் கற்றதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பதினாறு வயதில் ஸ்பானர் பிடித்தேன், தலையில் குட்டு வாங்கினேன், ஐந்தாறு வருஷத்தில் ஃபிட்டர் ஆனேன். அதன் பிறகு மயிலாப்பூரில் கால்வாய்க்கரையை ஒட்டி யார்டு வைத்திருந்த ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம். அது மூடி எத்தனையோ வருஷமாகிறது. படகில் வரும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் சவுக்கும், சூளையிலிருந்து வரும் செங்கலும் எங்கள் சரக்கு. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டு, தியாகராய நகர் என்று புதுப்பெயர் வைத்து, பங்களா பங்களாவாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அடையாற்றுப் பக்கமும் தோப்புக்குள் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. மாட்டு வண்டியை நம்பினால் ஒரு வீட்டுக்குச் செங்கல் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும். அதனால் லாரி வாங்கினார்கள். புது லாரி வாங்கத் தெம்பு கிடையாது. ஜெர்மனியோடு நடந்த முதல் பெரிய சண்டை முடிந்து பட்டாளத்தார் தள்ளிவிட்ட வண்டிகள் கைமாறிக் கைமாறி மவுண்ட் ரோடு பக்கத்து ஷெட்டுகளில் நிற்கும். அவற்றிலிருந்துதான் பொறுக்க வேண்டும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று லாரி என்றால் எஞ்சினும் சேஸிஸும்தான். டிரைவர் உட்காருகிற கூண்டை ஊர்த் தச்சர் மரத்தில் கட்டுவார். அவர் மனசுக்கு எவ்வளவு உயரம் தோன்றியதோ அதுதான் உயரம். கூண்டு உயரமாக இருந்தால் அடையாறு ரோட்டு ஆலமரக் கிளையில் இடிக்கும், மாடவீதியில் உற்சவப் பந்தலைக் கிழித்துக்கொண்டு போகும். தாழ்வாக இருந்தால் டிரைவர் தலை இடிக்கும். எந்த உயரம் சரி என்று புத்தகம் ஒன்றும் கிடையாது. ஓட்டுகிறவன் உயரம்தான் கணக்கு.

எங்கள் மானேஜர் வரதாச்சாரி மாடவீதிக்காரர். கோட்டு, தலைப்பாகை, பஞ்சகச்சம். கிரீஸைத் தொடமாட்டார். ஆனால் அவரைப் போல் லாரியைப் பார்க்கத் தெரிந்தவரை நான் பிறகு சந்தித்ததில்லை. குரலை உயர்த்தியதே கிடையாது. அதனாலேயே எங்களுக்குப் பயம். எந்தக் கேள்வியையும் ஒருமுறைதான் கேட்பார். நாம் சொன்ன பதிலை, நாம் சொன்ன வார்த்தையிலேயே நீள நோட்டில் எழுதிக்கொள்வார். வாசித்துக் காட்டுவார். கையெழுத்து வாங்குவார். அதற்குப் பிறகு அதை மாற்றப் பிரம்மாவாலும் ஆகாது. அவர் முன்னால் போகும்போது நாங்கள் செருப்பை வாசலில் விடுவோம், தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொள்வோம். அவர் அப்படிச் செய்யச் சொன்னதே இல்லை. கை தானாகப் போகும்.

வண்டியண்டை போனதும் முதலில் ரேடியேட்டரில் கையை வைக்கச் சொல்லுவார். சூடாக இருந்தால் திரும்பிவிடுவோம். நாம் வருவதற்கு முன்னால் அவன் ததிங்கிணத்தோம் போட்டு ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். எஞ்சின் ஆறியிருந்தால் நான் ஹேண்டில் போட்டு மெல்லச் சுற்ற வேண்டும். நாலு சிலிண்டரும் முறை வைத்து என் கையை எதிர்த்துத் தள்ள வேண்டும்; ஒன்று இளகினாலும் உள்ளே வால்வோ ரிங்கோ போய்விட்டது. கியர்பாக்ஸிலிருந்து கொஞ்சம் எண்ணெய் இறக்கி விரலில் தேய்ப்பேன். மரத்தூளைப் போட்டுப் பல் சத்தத்தை அமுக்கி விற்கிற மகானுபாவர்கள் அன்றும் உண்டு. சேஸிஸில் ஒரு முழத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் தெரிந்தால் சுரண்டிப் பார்ப்பேன். பத்துக்கு எட்டு, கீழே விரிசல் இருக்கும். கூண்டு கடைசி. ஓட்டப்போகிறவனை ஏற்றி உட்கார வைப்போம். மானேஜர் வலதுபக்கம் மட்கார்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். நான் படியில் ஏறி, டிரைவர் தலைக்கும் கூரைக்கும் நடுவே என் கையைக் குறுக்காக நுழைப்பேன். நாலு விரல் தாராளமாகப் போக வேண்டும். அவ்வளவுதான் சோதனை. பத்து வருஷமாக அவர் அப்படித்தான் பார்த்துவந்தார்.

சூசை எங்கள் டிரைவர்களில் நல்லவன். சாந்தோம் குப்பத்துக் கடல்காரக் குடும்பம். கடலுக்குப் போகாமல் எங்கள் யார்டில் செங்கல் தூக்க வந்தவன், கிளீனராகி, பிறகு ஸ்டீயரிங் பிடித்தான். நல்ல உயரம். எங்கள் யார்டில் நிற்கிற ஆட்களில் அவன் தலைதான் முதலில் தெரியும். அவன் மனைவி மரியம் மயிலாப்பூர் மார்க்கெட்டில் மீன் விற்றாள். அவனுக்கு வாய் கிடையாது. அவனுக்கும் சேர்த்து அவள் பேசுவாள்.

அடுத்த லாரி வாங்குகிறபோது மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை நீயே பொறுக்கு. நான் கூட வந்து பாத்துண்டு நிக்கறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃபிட்டராக வந்து மேஸ்திரியானவனுக்கு அது சாமானியப்பட்ட விஷயமா? வீட்டில் போய்ச் சொன்னேன், பக்கத்து வீட்டில் சொன்னேன், கேட்காதவனிடமும் சொன்னேன்.

வண்டியை ஓட்டப்போகிற சூசையையும் கூட்டிக்கொண்டு போனோம். ஷெட்டில் இரண்டு வண்டி நின்றது. ஒன்றுக்குக் கூண்டு நல்ல உயரம். சூசை மாதிரி ஆளுக்கென்றே கட்டினாற்போல் இருந்தது. ஆனால் ஸ்டீயரிங்கில் ஒரு சாண் ஆட்டம், மூன்றாவது சிலிண்டர் சொதசொதவென்று இருந்தது. இரண்டாவது வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு சிலிண்டரும் நாலு பயில்வான் மாதிரி கையைத் தள்ளின. கியர் எண்ணெய் சுத்தம். சேஸிஸில் ஒரு ரிவெட் ஆடவில்லை. அப்படி ஒரு பழைய வண்டியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

குறை என்று சொன்னால் ஒன்றுதான். முந்தைய சொந்தக்காரர் வீட்டு ஷெட்டில் உத்தரம் தாழ்வாம். அதற்குள் வண்டியை விட, கூண்டின் நாலு காலையும் அறுத்துக் கூரையை இறக்கியிருந்தார்கள். அறுத்து ஒட்டுப் போட்ட இடம் நாலு காலிலும் தெரிந்தது. மானேஜர் கண்ணுக்கு அது தப்புமா? ஒட்டைப் பார்த்துக்கொண்டே, "கூரையை எறக்கியிருக்காப்பல இருக்கே. உசத்திக் கட்டணுமா?" என்று கேட்டார்.

கட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தச்சருக்கு மூன்று நாள் வேலை, நாலு மரக்கால். ஆனால் நான் முதல்முதலாகப் பொறுக்குகிற வண்டி. கொண்டுபோனதும் நேரே லோடு ஏற்றி மாம்பலத்துக்கு அனுப்ப வேண்டும், பார்த்தாயா, கை வைக்க வேண்டிய வேலையே இல்லை என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று ஒரு ஆசை. பாழாய்ப்போன ஆசை. சூசையை ஏற்றிப் பார்த்துவிடலாம் சார் என்றேன்.

சூசை படியில் காலை வைத்தான். வைக்கும்போதே முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். உட்கார்ந்தான். அந்த ஸீட் தரையிலிருந்து நல்ல உயரம். கீழே மானேஜர் அண்ணாந்துகொண்டு நிற்கிறார், அவர் தலைப்பாகைக்கு மேலே இவன் முகம் இருக்கிறது. அது அவனுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. தோளைக் குறுக்கிக்கொண்டு, கையை ஸ்டீயரிங்கில் வைக்காமல் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் அழைக்காமல் வந்து உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். நான் கையை நுழைத்தேன். நாலு விரல் தாராளமாகப் போயிற்று. சௌகரியமா என்று மானேஜர் கேட்டதற்கு, "சோக்கா கீது சார்" என்றான்.

அவன் முதுகு வளைந்திருந்ததை நான் பார்த்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். பார்த்தேன். பார்த்துவிட்டு எஞ்சின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீள நோட்டில் மானேஜர் எழுதினார்: டிரைவரை உட்கார வைத்துப் பார்த்தது, தலைக்கு மேல் நாலு விரற்கடை உள்ளது, உயர்த்த அவசியம் இல்லை. கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு விஷயம் யார்டு ஆட்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். வெயிலுக்கு முண்டாசு கட்டாமல் எவனும் லாரி ஓட்ட முடியாது. முண்டாசோடு நிமிர்ந்து உட்கார்ந்தால் கூரை இடிக்கும், சூசையின் கண்ணுக்கு நேரே கண்ணாடியின் மேல்சட்டம் வரும், ரோடு தெரியாது. கழுத்தை மடித்துக் குனிந்தால்தான் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவன் எப்படிக் குனிந்திருப்பான்? யார்டில் இறங்கும்போது பிடரியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான். ஒருநாள் கேட்டேன். பழகிப் போச்சு மேஸ்திரி என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு அவன் கழுத்தை மடிப்பதை விட்டுவிட்டு, வலதுபக்கம் தலையை வெளியே நீட்டி ஓட்டத் தொடங்கினான். அது கம்பெனி விதிக்கு விரோதம். தலையை உள்ளே வை, தலையை உள்ளே வை என்று நானும் கத்தியிருக்கிறேன். உள்ளே வைக்க இடம் எங்கே இருக்கிறது என்று யோசிக்க எனக்கு எட்டு மாதத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று சொல்வதும் பொய்தான். தோன்றும்போதெல்லாம் நீள நோட்டில் இருக்கிற என் கையெழுத்து ஞாபகம் வரும்.

படகுத்துறையிலிருந்து வருகிற சந்து லஸ் பக்கம் போகும் தெருவில் சேருகிற இடத்தில்தான் அது நடந்தது. காலை நேரம். சூசை செங்கல் லோடோடு போய்க்கொண்டிருந்தான். எதிரே வந்த மாட்டு வண்டியில் சவுக்குக் கம்பு. பின்னால் இரண்டு ஆள் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்காரன் மாட்டைச் சந்துக்குள் திருப்பினான். மாடு ஒருபக்கம் திரும்ப, கம்புகளின் வால் மறுபக்கம் வீசிற்று. வெளியே நீட்டியிருந்த முகத்தில், வலது கண்ணில், ஒரு கம்பு முனை பாய்ந்தது. அந்த நிலையிலும் அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி யார் மேலும் மோதவில்லை. ஒரு செங்கல்கூடக் கீழே விழவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணை எடுத்துவிட்டார்கள். தலை முழுக்கக் கட்டு. மரியம் பக்கத்தில் நின்றாள். எனக்கு அழுகை வந்தது. அழத் தெரியாமல் கோபித்துக்கொண்டேன். எத்தனை தடவை சொன்னேன், தலையை ஏன்டா நீட்டினாய், அப்படிக் கூரை இடித்தால் அன்றைக்கு ஏறி உட்கார்ந்தபோதே சொல்லித் தொலைப்பதற்கு என்ன என்று சத்தம் போட்டேன்.

 அவன் மெதுவாகச் சொன்னான்:

"நீங்க கீய நின்னுகினு இருந்தீங்கோ மேஸ்திரி. சார் கீய நின்னுகினு இருந்தாரு. நான் மேல குந்திகினு கீறேன். எப்டி நிமுந்து குந்துவேன்? ஒடம்பு தானா சுருங்கிப் போச்சு."

 பத்து வருஷமாக நாங்கள் அளந்தது டிரைவரின் உயரத்தையே இல்லை. மானேஜர் எதிரில் ஒருவன் எவ்வளவு குறுகுவானோ, அதை அளந்து அதற்குத் தக்க வண்டி வாங்கியிருக்கிறோம். மற்றவர்கள் குட்டை ஆட்கள், தப்பித்தார்கள்.

கம்பெனியில் பேச்சு வேறுவிதமாக ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் குறை என்று தெரிந்தால் சூசைக்கு யார்டு கேட்டில் ஒரு வேலை போட்டுக் கொடுப்பதாக மானேஜரே சொல்லியிருந்தார். விதியை மீறித் தலையை நீட்டியது அவன் குற்றம் என்றால் சீட்டுக் கிழிந்தது. ஒற்றைக் கண் டிரைவரை வேறு எந்தக் கம்பெனி சேர்க்கும்? கடலுக்குப் போகவும் அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. இது மரியத்துக்குத் தெரியும். கூரையைப் பற்றி நான் மானேஜரிடம் சொல்கிறேன், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். நிஜமாகவே சொல்லத்தான் நினைத்தேன். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தேன்.

மூன்று நாள் கழித்து மானேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் நீள நோட்டு திறந்திருந்தது. நான் செருப்பை வாசலில் விட்டேன், துண்டை இடுப்பில் கட்டினேன், உள்ளே போய் நின்றேன். அவர் நான் கையெழுத்துப் போட்ட பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது சரிதானா? அன்னிக்குப் பாத்தது இதுதானே?" என்று கேட்டார்.

அவன் நிமிர்ந்து உட்காரவில்லை சார், நீங்கள் அங்கே நின்றதால் உட்காரவில்லை, நான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவருடைய பத்து வருஷத்துச் சோதனை தப்பு என்று ஆகும். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தவன் என்றும் ஆகும். கோத்து வைத்த வார்த்தை எல்லாம் தொண்டைவரை வந்தது. நான் எப்படி நின்றுகொண்டிருந்தேன் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தோள் குறுகியிருந்தது, முதுகு வளைந்திருந்தது.

"சரிதான் சார்" என்றேன்.

அவர் உடனே எழுதவில்லை. பேனா முனையைக் காகிதத்தில் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்று இந்த வயதிலும் நினைத்துக்கொள்கிறேன். நல்ல மனுஷர்தான். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது. நான் சொல்லவில்லை. அவர் எழுதினார், வாசித்துக் காட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வண்டியின் கூரையைப் பிறகு நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை தச்சரை வைத்து ஒரு சாண் உயர்த்திக் கட்டினேன். மூன்று நாள் என்று நினைத்த வேலை ஒரே பகலில் முடிந்தது. அதில் ஏறிய புது டிரைவர் என் தோள் உயரம்கூட இல்லை. பின்னால் கம்பெனி மாறினேன், நானே மேஜைக்குப் பின்னால் உட்காரும் நிலைக்கு வந்தேன், எத்தனையோ லாரி வாங்கினேன், ஒவ்வொரு தடவையும் யார் கண்ணும் படாமல் டிரைவர் நிமிர்ந்து உட்கார அரைமணி விட்டேன். கழுத்துவலி என்று ஒரு டிரைவரும் என்னிடம் வந்ததில்லை. இதையெல்லாம் எழுதும்போது கொஞ்சம் பெருமைகூட வருகிறது பாருங்கள், வெட்கமாக இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, யார்டு கேட்டுக்கு வெளியே சூசையும் மரியமும் நின்றிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் கை தலைக்குப் போயிற்று. அங்கே முண்டாசு இல்லை, கட்டுத்தான் இருந்தது. கையைக் கீழே இறக்கி, கும்பிட்டான். மரியம் கும்பிடவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கூரையப் பத்தி சொன்னீங்களா மேஸ்திரி?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சூசை அவளை அதட்டினான்.

"மேஸ்திரியாண்ட அப்டியெல்லாம் கேக்கக்கூடாது மே. அவரு சொல்லாம இருப்பாரா?"

அவள் அதற்கும் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் யார்டுக்குள் திரும்பி நடந்தேன்.